எழுதக் கற்றுத் தராமல் எழுதச் சொல்வது

கேரள-தமிழ்நாடு எல்லையில் கேரளப் பக்கத்தில் இருக்கும் பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர் ஊராட்சிகளில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பொறியாளராவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பிளஸ் டூ படித்து, 'கீம்' நுழைவுத் தேர்வு எழுதி, பி.டெக் முதலாண்டில் சேர்வது ஒன்று. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்து, 'லெட்' தேர்வு எழுதி, லேட்டரல் என்ட்ரியாக பி.டெக் இரண்டாம் ஆண்டுக்குள் நுழைவது இன்னொன்று. கோச்சிங் செலவு தாங்காத வீடுகளுக்கும், பிள்ளை எதற்கும் கையில் ஒரு தொழிலோடு நிற்கட்டும் என்று நினைக்கும் வீடுகளுக்கும் இரண்டாவது வழிதான் தோது. வடக்கே நெய்யாற்றின்கரை அரசு பாலிடெக்னிக். எல்லை தாண்டினால் நாகர்கோவில் கோணம் அரசு பாலிடெக்னிக். அப்புறம் திருவனந்தபுரத்துக் கல்லூரிகளோ, குமாரகோவில், சுங்கான்கடைப் பக்கத்துக் கல்லூரிகளோ. வழி நல்ல வழிதான். ஆனால் இப்படி வருகிறவர்களிடம் பல்கலைக்கழகம் விசித்திரமான ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எழுதச் சொல்லித் தரும் ஓராண்டிலிருந்து இவர்களுக்கு விலக்கு உண்டு. எழுத்தை வைத்து மதிப்பெண் போடும் மூன்று ஆண்டுகளிலிருந்து விலக்கு இல்லை. இது மாணவரின் குறையல்ல, பாடத்திட்டத்தின் குறை. அதைச் சரிசெய்யும் பொறுப்பும் பல்கலைக்கழகத்துடையதே.

கேரளத்துப் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை 2014-ல் உருவான ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அதன் 2019-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தைப் புரட்டினால் நிலைமை விளங்கும். முதல் செமஸ்டரில் வாழ்க்கைத் திறன்கள், இரண்டாம் செமஸ்டரில் தொழில்முறைத் தகவல்தொடர்பு. பேசவும் படிக்கவும் அறிக்கை எழுதவும் பழக்குவதற்கென்றே வைக்கப்பட்டவை இவை இரண்டும்தான். மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் தொழில் அறநெறி, வடிவமைப்பும் பொறியியலும், நீடித்த வளர்ச்சிக்கான பொறியியல், இந்திய அரசமைப்பு ஆகிய தாள்கள் வருகின்றன. ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்களில் தொழிற்பொருளாதாரமும் அயல்நாட்டு வணிகமும், பேரிடர் மேலாண்மை, மேலாண்மை என்று பிரிவுக்கேற்ப முன்பின்னாக வருகின்றன. இவற்றுள் சிலவற்றுக்கு கிரெடிட்கூடக் கிடையாது. ஆனால் தேறாவிட்டால் பட்டமும் கிடையாது. லேட்டரல் மாணவர் உள்ளே வருவது மூன்றாம் செமஸ்டரில். பழக்கும் தாள் இரண்டும் முடிந்த பிறகு, சோதிக்கும் தாள்கள் தொடங்கும் நாளில் அவர் வகுப்பில் உட்காருகிறார். எல்லைக்கு அந்தப் பக்கமும் கதை வேறல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் தொழில்முறை ஆங்கிலம் முதல் இரண்டு செமஸ்டர்களோடு முடிந்துவிடுகிறது. சுற்றுச்சூழல், மனித விழுமியங்கள், மேலாண்மை என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டியவை பின்னால் காத்திருக்கின்றன. தோற்றால் இந்தப் பக்கம் சப்ளி, அந்தப் பக்கம் அரியர், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலிடெக்னிக்கிலும் மூன்று ஆண்டுகள் எழுதிவிட்டுத்தானே வருகிறார்கள் என்று கேட்கலாம். எதை எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். கேரள டிப்ளமோவின் 2021 திருத்தப் பாடத்திட்டத்தில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு 75 மதிப்பெண். ஒன்று, மூன்று, ஏழு மதிப்பெண் வினாக்கள். அதாவது மிகப் பெரிய விடையே ஏழு மதிப்பெண்தான். பி.டெக் 2019 திட்டத்தில் அதே மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண். மூன்று மதிப்பெண் வினாக்கள் பத்து, மாட்யூலுக்கு ஒன்றாகப் பதினான்கு மதிப்பெண் வினாக்கள் ஐந்து. கணக்குப் போட்டால் டிப்ளமோவில் ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் கிடைத்தது. இங்கே இரண்டு நிமிடம்கூட இல்லை. விடையின் கனம் இரட்டிக்கிறது, நேரம் சுருங்குகிறது. பி.டெக்கின் பிந்தைய 2024 பாடத்திட்டம் பெரிய வினாவை ஒன்பது மதிப்பெண்ணாக்கி, எழுத்துத் தேர்வின் சுமையைக் குறைத்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அது நீளத்தைத்தான் குறைக்கிறது. டிப்ளமோ வினா ஒரு கருவியின் வேலையை விளக்கச் சொல்லும். படம் வரைந்து பாகங்களைக் குறித்தாலே பாதி மதிப்பெண் வந்துவிடும். அரசமைப்புத் தாளின் வினாவுக்கு வரைய எந்தப் படமும் இல்லை.

இந்த இடைவெளி பி.டெக்கில் பிறந்ததல்ல, பதினைந்து பதினாறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. பிளஸ் டூ போகிற பிள்ளை அறிவியல் பிரிவே எடுத்தாலும், ஆங்கிலமும் இன்னொரு மொழியும் இரண்டு ஆண்டு படிக்கிறது. இரண்டு மொழியிலும் கட்டுரையும் கடிதமும் எழுதுகிறது. பாலிடெக்னிக் போகிற பிள்ளைக்கு மொழிப்பாடம் என்பது பத்தாம் வகுப்போடு ஏறத்தாழ முடிந்த கதை. டிப்ளமோ தொடக்கத்தில் ஓர் ஆங்கிலத் தாள் வரும், போகும். பிறகு பட்டறை, லேப், வரைபடம். எல்லை ஊர்ப் பிள்ளைக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் தமிழர் பகுதிகள் என்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, அந்த இணைப்புக் கோரிக்கையில் பெயர் இருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் இங்கே பல வீடுகளில் பேச்சு தமிழில், அலுவலகக் காகிதம் மலையாளத்தில், பாலிடெக்னிக் புத்தகம் ஆங்கிலத்தில். மூன்றும் புரியும், மூன்றிலும் பேரம் பேசலாம், பஸ் பிடிக்கலாம். ஆனால் ஒரு கருத்தை எடுத்து மூன்று பக்கத்துக்கு நிறுத்தி எழுதும் பழக்கம் மூன்றில் எதிலுமே முதிர்வதற்கு முன் பள்ளி முடிந்துவிட்டது.

இதன் விளைவு விடைத்தாளில் எப்படித் தெரியும் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். தொழில் அறநெறித் தாளில் நலமுரண், அதாவது சொந்த நலனும் பொறுப்பும் மோதும் நிலை, ஒரு பாடப்பகுதி. வினா இப்படி வரலாம்: ஓர் ஊராட்சியின் சாலைப் பணியை மேற்பார்வையிடும் பொறியாளருக்கு ஒப்பந்தக்காரர் உறவினர், வேலையில் குறையொன்றும் இல்லை, பொறியாளர் உறவைத் தெரிவிக்க வேண்டுமா, ஏன்? டிப்ளமோ பழக்கத்தில் வளர்ந்த மாணவர் முதலில் நலமுரணுக்கு இரண்டு வரி இலக்கணம் எழுதுவார். அடுத்து வகைகள்: ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்து உதாரணங்கள்: பரிசு, லஞ்சம், உள் தகவல். நடுவில் அம்புக்குறிகளோடு ஒரு கட்டம். கடைசியில் 'ஆகவே பொறியாளர் நேர்மையாக இருக்க வேண்டும்'. எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. கேட்டதற்கு மட்டும் விடை இல்லை. வேலை சரியாக நடந்திருக்கும்போது தெரிவிக்காமல் இருப்பதால் என்ன கேடு, ஊர் மக்கள் எதை வைத்து நம்புவார்கள், தெரிவித்தால் நல்ல ஒப்பந்தக்காரரை இழக்க நேரிடுமே, அந்த இழப்பைவிட இது ஏன் பெரிது என்றெல்லாம் எடைபோட்டு ஒரு பக்கம் சாய வேண்டும். 'ஆனாலும்', 'அப்படியிருக்க', 'இருந்தபோதிலும்' என்ற சொற்கள் வேலை செய்ய வேண்டிய இடம் அது. அடுக்கத் தெரிந்த மாணவரிடம் எடைபோடச் சொல்கிறோம். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பயிற்சி இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

மறந்தது தற்செயல் அல்ல. பாலிடெக்னிக்கின் பாடத்திட்டம் ஒரு கையில், பி.டெக்கின் பாடத்திட்டம் இன்னொரு கையில். எழுத்துப் பயிற்சியை மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு கைகளும் நினைக்கின்றன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பலவகைப் பின்னணியிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் இணைப்பு வகுப்பு நடத்த வேண்டும் என்று தன் கையேட்டில் சொல்லியிருக்கிறது. உதாரணமாக அது பெயர் சொல்வது கணிதம், இயற்பியல், பொறியியல் வரைபடம் முதலியன. எழுத்து அந்தப் பட்டியலில் இல்லை. 'முதலியன' என்பதற்குள் அடக்கிக்கொள்ளலாம் என்றாலும், பெயர் சொல்லப்படாததைக் கல்லூரி தானாக நடத்துவது அரிது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியிலிருந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிற மாணவர், பொறியியலே படிக்கப் போனாலும், ஆங்கிலக் கட்டுரை எழுத்தில் இரண்டு பாடங்களை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். அங்கேயும் அவை பலருக்கு வேப்பங்காய்தான். ஆனால் இன்ன கல்லூரி சொல்லித் தரும், இன்ன பல்கலைக்கழகம் எதிர்பார்க்கும் என்று பொறுப்பு எழுத்தில் இருக்கிறது. அதே நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமான எம்.ஐ.டி. 2001 முதல் தன் இளநிலை மாணவர்கள் எல்லோருக்கும் நான்கு தகவல்தொடர்புச் செறிவுப் பாடங்களைக் கட்டாயமாக்கியபோது, அவற்றை நான்கு ஆண்டுகளிலும் பரப்பி வைத்தது. பாதியை மாணவரின் சொந்தத் துறைக்குள்ளேயே வைத்தது. எழுத்து முதலாண்டிலேயே முடிந்துபோகும் ஒரு சடங்கு என்று அங்கே யாரும் கருதவில்லை.

முதல் மறுப்பு எளிதாக எழும்: பொறியாளருக்கு எதற்கு இந்தத் தாள்கள் எல்லாம்? எடுத்துவிட்டால் லெட் பிள்ளைகளின் சுமையும் தீரும், நேரமும் மிஞ்சும். இதற்குப் பதில் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய்வரை போனால் போதும். 1950-களில் கட்டிய நெய்யாறு அணையின் நீர் அந்தக் கால்வாய் வழியே விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. திட்டம் வகுக்கப்பட்டபோது அணைப் பகுதியும் விளவங்கோடும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. 2004-ல் நீர் நின்றது. ஆறு முழுவதும் தன் எல்லைக்குள் ஓடுகிறது, ஆகவே இது மாநிலங்களுக்கிடையேயான நதியல்ல என்பது கேரளத்தின் வாதம். திட்டத்தின் பயன்பகுதியிலேயே விளவங்கோடு இருந்தது என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012-ல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கால்வாயின் கொள்ளளவும் மதகின் உயரமும் பொறியியல். ஆனால் அந்த நீர் ஓடுமா நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது ஒப்பந்தத்தின் வாசகமும், 2003-ஆம் ஆண்டுக் கேரள நீர்ப்பாசனச் சட்டமும், அரசமைப்பின் 131-ஆம் பிரிவும். நாளை அந்தக் கால்வாயின் பொறுப்பில் உட்காரப் போகிற இளம் பொறியாளர் தன் அளவீடுகளை மட்டும் அல்ல, அவற்றின் பொருளையும் எழுத வேண்டியிருக்கும். மாநில எல்லையில் வாழ்கிறவர்களுக்கு அரசமைப்புத் தாள் வெறும் மதிப்பெண் விஷயம் என்று சொல்வது பொருந்தாது.

பேரிடர் மேலாண்மைத் தாளையும் இப்படியே பார்க்கலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, குளத்தூர் ஊராட்சியின் பொழியூரும் அதை ஒட்டிய குமரி மாவட்டத்து நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் ஊர்களும் கடலுக்குப் போனவர்களை இழந்தன. அதற்குப் பின் எழுந்த பெரிய சர்ச்சைகளில் ஒன்று, எச்சரிக்கை எப்போது வந்தது, யாரிடம் வந்தது, அதில் என்ன சொல்லியிருந்தது என்பது. ஆழ்கடலுக்குப் போய்விட்ட படகுக்கு எட்டாத எச்சரிக்கையும், எட்டினாலும் மீனவருக்குப் பிடிபடாத எச்சரிக்கையும் ஒன்றுதான். ஓர் எச்சரிக்கையை யாருக்காக, எந்தச் சொல்லில், எதை முன்னால் வைத்து எழுத வேண்டும் என்பது அந்தத் தாளின் நல்ல வினாவாக இருக்க முடியும். பொழியூர்ப் பிள்ளை அதற்கு மற்றவர்களைவிடத் தெளிவாக விடை சொல்லக்கூடும். பேரிடரின் வகைகளை வரிசைப்படுத்தச் சொல்லும் வினாவில் அந்த அறிவுக்கு இடமே இல்லை. ஆகவே இந்தத் தாள்களை எடுத்துவிடுவது தீர்வல்ல. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-ல் நிரந்தர உறுப்பினரானதிலிருந்து நம் தேசிய அங்கீகார வாரியம் பொறியியல் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பண்புகளில் அறநெறியும் உண்டு, பயனுள்ள அறிக்கை எழுதும் திறனும் உண்டு. அந்த எதிர்பார்ப்பு லேட்டரல் மாணவருக்கு மட்டும் குறைவானதல்ல. அவர் பெறும் பட்டமும் அதே பட்டம்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: இது எழுத்தின் பிரச்சினையே இல்லை, ஆங்கிலத்தின் பிரச்சினை, தாய்மொழியில் எழுத விட்டால் தீர்ந்துவிடும். இதில் பாதி உண்மை இருக்கிறது. சிறுபான்மையினரின் மொழியையும் பண்பாட்டையும் காக்கும் 29, 30-ஆம் பிரிவுகளைத் தமிழ் வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து எழுதுகிறது என்பதைவிட இந்த ஏற்பாட்டின் முரணை வேறெதுவும் நன்றாகக் காட்டாது. பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில், ஆங்கிலவழிப் படிப்பானாலும் மாணவர் உள்ளூர் மொழியில் தேர்வெழுத இடம் கொடுக்கலாம் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. அதன் 2021 ஒழுங்குமுறையின் முதலாண்டில் வரும் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' தாள்களைத் தமிழிலும் எழுதலாம். ஆக, பொறியியல் தேர்வுக் கூடத்தில் தமிழில் விடை எழுதினால் கூரை இடிந்து விழாது என்பது நிரூபணமான விஷயம். அறநெறி, அரசமைப்பு, பேரிடர் ஆகிய தாள்களிலாவது மலையாளத்திலோ தமிழிலோ எழுதக் கேரளத்தின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இடம் கொடுக்க வேண்டும். தமிழ் விடைத்தாளைத் திருத்த ஆள் வேண்டுமே என்றால், திருவனந்தபுரத்திலும் பாலக்காட்டிலும் தமிழ் படித்த பொறியியல் ஆசிரியர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன நலமுரண் வினாவுக்கு அதே மாணவர் தமிழில் எழுதினாலும் இலக்கணம், வகை, உதாரணம், கட்டம் என்ற அதே வரிசைதான் வரும். மொழி மாறினால் தயக்கம் குறையும், பிழை குறையும், மனப்பாடம் குறையும். வாதத்தைக் கட்டும் பழக்கம் மட்டும் தானாக வந்துவிடாது. பிளஸ் டூவில் தமிழும் மலையாளமும் எழுதிப் பழகியவர்களில் பலர் ஆங்கிலத்தில் பிழையோடு எழுதினாலும் சொல்லவந்ததைச் சொல்லிவிடுகிறார்கள் என்றால், அவர்களுக்கு உதவுவது ஆங்கிலம் அல்ல, எழுதிய பழக்கம். ஒரு மொழியில் வந்த பழக்கம் மற்ற மொழிக்கும் கைகொடுக்கும். எனவே தாய்மொழி உரிமையும் எழுத்துப் பயிற்சியும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. முதலாவதைக் கொடுத்து இரண்டாவதைக் கைவிட்டால், ஆங்கிலத்தில் தோற்ற பிள்ளை தமிழில் தோற்கும். அப்போது பழி தமிழின் மேல் விழும்.

மூன்றாவது மறுப்பு நடைமுறை தெரிந்தவர்களுடையது. விடைத்தாள் திருத்துகிறவர் கையில் மதிப்பீட்டுக் குறிப்பு இருக்கிறது. இன்ன பாயின்டுக்கு இத்தனை மதிப்பெண் என்று அதில் எழுதியிருக்கிறது. பாயின்ட் பாயின்டாக எழுதினாலே பாஸ் ஆகிவிடலாம், பிறகு எதற்கு இந்தப் பாடு? அதோடு இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அசைன்மென்டை நொடியில் எழுதித் தருகின்றன. பாஸ் ஆகிவிடலாம் என்பது சரிதான். பல்கலைக்கழகத்தின் மீதான குற்றச்சாட்டும் அதுவே. எடைபோடச் சொல்லிக் கேட்டுவிட்டு, அடுக்கி வைத்ததற்கு மதிப்பெண் கொடுத்தால், பாடத்தின் நோக்கத்தைத் தேர்வே தோற்கடிக்கிறது. திருத்தும் குறிப்பில் பாயின்டுகளுக்குச் சில மதிப்பெண், அவற்றை இணைத்து ஒரு முடிவுக்கு வந்த விதத்துக்குச் சில மதிப்பெண் என்று பிரித்தாலே வகுப்பறை தானாக மாறும். செயலியைப் பொறுத்தவரை, அது தேர்வுக் கூடத்துக்குள் வராது. வேலையிடத்தில் அது எழுதித் தருவதைச் சரிபார்த்துக் கையெழுத்து போடுகிறவர் பொறியாளர்தான். எழுதத் தெரியாதவருக்கு எழுதியதில் ஓட்டை எங்கே என்று தெரியாது. செயலி பெருகப் பெருக, திருத்தத் தெரிந்தவரின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

கடைசி மறுப்பு நேரத்தையும் ஆளையும் பற்றியது. பல ஆண்டுகளில் லெட் ஒதுக்கீடு முடிவதற்குள் மூன்றாம் செமஸ்டர் வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. வந்து சேர்ந்ததும் கணக்கு இணைப்பு வகுப்பு. இதற்கு நடுவில் இன்னொரு தாளா? இன்னொரு தாள் வேண்டாம். ஏற்கெனவே எழுதுகிறவற்றையே பயிற்சியாக மாற்றினால் போதும். லேப் ரெக்கார்டை எடுத்துக்கொள்வோம். நோக்கம், கருவிகள், தத்துவம், செய்முறை, அளவீடு, முடிவு என்று வாரந்தோறும் மாணவர் எழுதுகிறார்; முதலில் ரஃப், பிறகு ஃபேர். 'முடிவு' என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் ஒரே வரி: இன்னதன் வரைபடம் வரையப்பட்டது. சீனியர் ரெக்கார்டிலும் அதே வரிதான். அந்த ஒரு வரிக்குப் பதிலாக ஒரு பத்தி கேட்கலாம்: கணக்கின்படி வர வேண்டிய மதிப்பு இது, வந்தது இது, வேறுபாட்டுக்குக் காரணம் மீட்டரா, இணைப்பா, படித்த விதமா, எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்? செமஸ்டருக்குப் பத்து சோதனை என்றால் பத்து பத்தி. டிப்ளமோ படித்தவருக்கு இது அந்நியமான வேலையே அல்ல. பட்டறையில் மோட்டார் சூடானால் முதலில் மின்னழுத்தம், பிறகு லோடு, பிறகு பேரிங் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் காரணத்துக்கு வந்தவர் அவர். வாதம் செய்ய அவருக்குத் தெரியும், கையால். அதைத் தாளில் இறக்கும் வேலைதான் பாக்கி. அந்தப் பத்தி எழுத வந்துவிட்டால் அறநெறித் தாளின் பதினான்கு மதிப்பெண்ணும் ஒன்பது மதிப்பெண்ணும் அவரை மிரட்டாது.

இதோடு இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்தால் போதும். ஒன்று, மூன்றாம் செமஸ்டரின் மனிதவியல் தாளில் சீரிஸ் தேர்வு ஒன்றுக்குப் பதிலாக, இரண்டு பக்கக் கட்டுரை. மாணவர் எழுதுவார், ஆசிரியர் குறிப்பெழுதித் திருப்பித் தருவார், மாணவர் மறுபடி எழுதுவார். இரண்டாவது பிரதிக்கே இன்டர்னல் மதிப்பெண். எழுதியதைத் திரும்ப எழுதுவதில்தான் எழுத்து வருகிறது. தேர்வில் அதற்கு வாய்ப்பே இல்லை. இரண்டு, முதலாண்டுக்குத் தகவல்தொடர்பு எடுக்கும் ஆசிரியர், லேட்டரல் மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் அந்தக் கட்டுரையோடும் ரெக்கார்டோடும் உட்காருவது. புதிய நியமனம் தேவையில்லை. பணி நேரக் கணக்கில் அந்த மணிகளைச் சேர்த்துக் கொடுக்கும் ஓர் உத்தரவு போதும். பல கல்லூரிகளில் அறநெறியையும் அரசமைப்பையும் பொறியியல் துறை ஆசிரியர்களே எடுக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த ஆசிரியரின் துணை பயன்படும். தனி வகுப்பு வைத்தால் லெட் பிள்ளைகள் குறைந்தவர்கள் என்று முத்திரை விழுமே என்ற அச்சம் நியாயமானது. ரெக்கார்டுப் பத்தியும் திருப்பி எழுதும் கட்டுரையும் வகுப்பு முழுவதற்கும் பொதுவாக இருந்தால் அந்த முத்திரைக்கு இடமில்லை; வாரம் ஒரு மணி நேரம் மட்டும், விருப்பமுள்ள எவரும் வரலாம் என்று திறந்து வைக்கலாம்.

லேட்டரல் என்ட்ரியை ஒரு சலுகை போலப் பேசுவது வழக்கம். கணக்கை நேராகப் போட்டால் அது சலுகையல்ல. டிப்ளமோவில் செலவிட்ட ஆண்டுகளுக்கு ஈடாக முதலாண்டு கழிக்கப்படுகிறது. கணிதத்திலும் வரைபடத்திலும் அந்த ஈடு சரியா என்று சோதித்து, குறைந்த இடத்தில் இணைப்பு வகுப்பு வைக்கிறோம். எழுத்தில் மட்டும் சோதிக்காமலேயே ஈடு ஆகிவிட்டது என்று எழுதி வைத்திருக்கிறோம். ஆகவில்லை என்பதை இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிற எவரும் காணலாம். கேரளத்தின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் புதிய பாடத்திட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தி வரும் இந்தக் காலத்திலேயே, லேட்டரல் மாணவர்களுக்கான இணைப்புப் பட்டியலில் எழுத்துப் பயிற்சியையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். மனிதவியல் தாள்களில் மலையாளத்துக்கும் தமிழுக்கும் இடம் கொடுக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகமும் தன் நேரடி இரண்டாமாண்டு மாணவர்களுக்கு இதையே செய்ய வேண்டும். இரண்டு பல்கலைக்கழகங்களும் இதற்குக் கொடுக்க வேண்டிய விலை வாரம் ஒரு மணி நேரம். கொடுக்காவிட்டால், தாம் நடத்தாத பாடத்துக்குத் தேர்வு வைக்கிறோம் என்பதையாவது அவை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளட்டும்.